ஜிதினுக்கு என்று எழுதிய புத்தகப் பட்டியல்

சூரியநெல்லி,
14 செப்டம்பர் 2024

அன்புள்ள டின்சிக்கு,

அயர்லாந்துக் குளிரிலும் ஆண்டவர் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு எப்சிபா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மழைதான் விடவில்லை. நேற்றுக் கொழுக்குமலைக்கு ஒரு ஜீப்கூட ஏறவில்லை. டிரைவர்கள் நான் புக்கிங் பார்க்கிற ஜீப் ஆபீஸுக்குள் உட்கார்ந்து டீத்தூளைக் காலி செய்கிறார்கள்.

இதைப் போனில் சொல்லியிருப்பேன். சொன்னால் நடுவில் புகுந்து ஏதாவது கேட்பாய், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். அதனால்தான் மெயில்.

உன் அண்ணன் ஜிதின் கொச்சி வேலை போய் வீட்டில் இருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். பைத்தான் மாதிரி மொழியில் நிரல் எழுதத் தெரிந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, போன் எடுத்துப் பதில் சொல்கிறவர்களை எல்லாம் அனுப்பிவிட்டார்களாம். அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு பாட்டே ஓடியது, டின்சி. பொய் சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை உன் அம்மா குடையை மடக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார்கள். முகத்தைப் பார்க்காமலே, "ஏ எப்சி, வீட்டுல ஒரு ஆளு இந்தப் பைத்தான் படிக்கணும்னு சொல்லுது. எந்தப் புஸ்தகம் வாங்கணும்னு எழுதிக் குடு தாயி" என்றார்கள். யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

அந்தக் கிறிஸ்துமஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் அவனுக்கும் நிச்சயம் முடிந்து ஆறேழு வாரம். அவனுடைய கம்ப்யூட்டர் கம்பெனி வேலையைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும் என்று, எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என அவனைக் கேட்டிருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கையில் தங்கக் காகிதம் சுற்றி ஒரு பார்சல் கொடுத்தான். பிரித்தால் குழந்தைகள் கலர் அடிக்கிற புத்தகம். "முதல்ல ஆப்பிளுக்குக் கலர் அடிச்சுப் பழகு, அப்புறம் பைத்தான் பார்க்கலாம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீதான் பிடுங்கி அடுப்பில் போட்டாய். தவக்காலம் முடிவதற்குள், அவளோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி நிச்சயத்தையும் முறித்தான்.

அப்புறம் நானாகப் படித்தேன். ஆசிரியர் இல்லை, கேட்க ஆள் இல்லை. தப்பான புத்தகங்களில் ஒரு வருஷம் போனது. அதனால் எது ஆளைக் கொல்லும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அதையே எழுதிக் கொடுத்தேன். முதலில் தலையணை தடிமனுக்கு ஒரு புத்தகம். ஏற்கனவே தெரிந்தவர்கள் சந்தேகத்துக்குப் புரட்டுவது அது. அதிலும் பழைய பதிப்பு. முதல் பாடத்தில் உள்ள வரியே இன்றைய பைத்தானில் ஓடாது, சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். அடுத்தது ஒரு நீள வீடியோ வரிசை. அவர் தட்டச்சு செய்வார், நாம் தலையாட்டுவோம், மூடினால் தலையில் ஒன்றும் இருக்காது. கடைசியாக அடிக்கோடிட்டு ஒரு அறிவுரை: முழுவதும் படித்து முடிக்கும்வரை கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. இதுதான் பெரிய விஷம்.

உன் அம்மா அதை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தபோது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அவனை நினைத்ததும் சரியாகிவிட்டது.

திட்டுவதானாலும் திட்டி எழுது. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

எப்சிபா


சூரியநெல்லி,
20 மார்ச் 2025

அன்பான டின்சி,

உனக்கும் உன் வார்டில் படுத்திருக்கிற எல்லாருக்கும் சுகம் உண்டாகட்டும். போன கடிதத்துக்கு "நல்லாச் செஞ்சே" என்று ஒரே வரி எழுதியிருந்தாய். அந்த வரியைத் திருப்பி வாங்கிக்கொள். நான் நல்லது செய்யவில்லை.

நவம்பரில் ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் அந்தத் தலையணைப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஆபீஸுக்குள் வந்தாள். முன்பின் பார்த்ததில்லை, டூரிஸ்ட் என்று நினைத்து ஜீப் வேண்டுமா என்று கேட்டேன். "இல்லீங்க அக்கா, நான் ஆர்த்தி. ஜிதின் ஊட்டுக்காரிங்க" என்றாள்.

படிக்க வேண்டும் என்று சொன்ன ஆள் அவன் இல்லை, டின்சி. அவள்.

கொச்சியில் அவளும் அவனோடு ஒரே ஆபீஸில் இருந்தவள்தானே. கல்யாணம் ஆனதும் அவளை வேலையை விடச் சொன்னானாம். இப்போது அவனும் வீட்டில். எதற்கெடுத்தாலும் இவள் மேல் எரிந்து விழுகிறான். கோவிந்தாபுரத்தில் இருக்கிற தன் அப்பாவுக்குக்கூடத் தெரியாமல், ஏதாவது படித்து மறுபடி வேலைக்குப் போகிற எண்ணத்தை உன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"ரண்டு மாசமாச்சுங்க. மூணாவது பாடம் தாண்ட முடியல. நீங்க சொன்ன மாதிரி கம்ப்யூட்டரத் தொடாமத்தான் படிச்சனுங்க. சும்மா பொழுதுபோக்குக்குப் படிக்கறேன்னு அவரு பார்த்துப் பார்த்துச் சிரிக்கறாருங்க. எனக்கு அறிவு பத்தலீங்களா அக்கா?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

என்னால் உட்கார முடியவில்லை. மழுப்பியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு முடியவில்லை. அந்தப் பட்டியல் உனக்கு எழுதியது இல்லை, ஜிதினுக்கு என்று நினைத்து, அவன் உருப்படக்கூடாது என்று எழுதியது என்று சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். அடிப்பாள், அல்லது எழுந்து போவாள் என்று நினைத்தேன். அவள் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிறகு, "அப்ப எனக்கு அறிவு இருக்குதுங்களா?" என்றாள்.

அன்றைக்கே தொடங்கினோம். என்னைக் கரை சேர்த்த சின்னப் புத்தகத்தைக் கொடுத்தேன். புதிய பதிப்பு, பாடத்துக்குப் பாடம் பயிற்சி உண்டு. எதையும் காப்பி செய்யாதே, ஒவ்வொரு எழுத்தையும் உன் விரலால் அடி என்றேன். பிழை வந்தால் பயப்படாமல் கடைசி வரியை முதலில் படி, என்ன கோளாறு என்று அது சொல்லும் என்றேன். ஒரு புத்தகம் முடியாமல் இன்னொன்றைத் தொடாதே, சந்தேகம் வந்தால் மட்டும் மலையாள வீடியோ பார் என்றேன். முக்கியமாக, உனக்கென்று ஒரு வேலையை எடுத்துக்கொள் என்றேன். யார் ஜீப் முதலில் போவது என்ற டிரைவர்களின் முறைச் சண்டையைத் தீர்க்க ஒரு நிரல் எழுதித்தான் நான் கற்றேன். அவள், முதலமடை மாந்தோப்புகளிலிருந்து அப்பாவின் மண்டிக்கு வரும் பெட்டிகளை எந்த லாரியில் ஏற்றுவது என்பதை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமைதோறும் தையல் வகுப்பு என்று சொல்லி வந்தாள். உன் அம்மாவுக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. எனக்குப் புரியாமல் கிடந்த ஒரு பாடத்தை ஜனவரியில் அவள் எனக்கு விளக்கினாள்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு வாரமும் அவனை நினைத்துக்கொண்டுதான் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு ஒரு பாடம் ஏற ஏற எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. போகக்கூடாது என்றான். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். திரும்பி வருவாயா என்று அவளிடம் கேட்டேன். "தெரீலீங்க அக்கா, வரணும்னு இப்ப தோணலீங்க" என்றாள்.

தையல் வகுப்பு எங்கே நடந்தது என்று எப்படியோ தெரிந்து, மறுநாள் உன் அண்ணன் இங்கே வந்தான். டிரைவர்கள் எல்லாரும் இருந்தார்கள். "என் குடும்பத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று கத்தினான். கத்தி ஓய்ந்து நாற்காலியில் உட்கார்ந்தான். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. குரல் இறங்கி, "எனக்கும் எங்கேயும் வேலை கிடைக்கல எப்சி. எதுல இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லேன்" என்றான்.

இந்த நாளுக்காக எத்தனை ராத்திரி என்னென்ன வசனம் சேர்த்து வைத்திருந்தேன்! ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. "ஆர்த்திகிட்ட கேளுங்க. எது நல்ல புத்தகம், எது ஆளைக் கெடுக்குற புத்தகம்னு ரெண்டும் அவளுக்குத் தெரியும்" என்றேன். எழுந்து போய்விட்டான். சாயங்காலம் வரைக்கும் எனக்கு டீகூட அவ்வளவு ருசித்தது. அவன் மேல் இரக்கம் வரவில்லை, டின்சி. வரவேண்டும் என்று ஜெபிக்கவும் இல்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆர்த்தி ஹாஸ்டலில் தனியாக இருக்கிறாள். அவளுக்குப் போன் பண்ணு. உங்கள் வீட்டுக்கு அவள் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், அண்ணி என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதே. என்னை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் நீ பேர் சொல்லிக் கூப்பிட்டபோது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

உன் கைகள் தொடுகிற நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும்.

அன்புடன்,
எப்சிபா