நாற்பதுக்கு நாற்பது

4.2.2008, திங்கள்

ஏழு மணிக்கு டிங். இருபத்திரண்டாவது கேள்வி. பூர்ணிமா தலை பின்னிக்கொண்டே படித்தாள். ஈறில் ரத்தம் கசிவது எந்த வைட்டமின் குறைவால்? ஏ என்றேன். அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி டிங். "சரின்னு வந்திருக்கு ஆயா!"

இன்று வரைக்கும் ஒன்றுகூடத் தப்பவில்லை. நாற்பது கேள்விக்கு இருபது மார்க். மீதி எண்பதுக்கு மே மாதம் பரீட்சை. தேறினால் எட்டாவது படித்ததற்குச் சமம் என்று சந்திரகலா டீச்சர் சொல்கிறாள். தபாலில் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை உப்பளம் பள்ளிக்கூடத்தில் வகுப்பு, தினம் போனில் ஒரு கேள்வி, கூடவே ஏ, பி, சி என்று மூன்று விடை. தமிழ்தான். ஆனால் இங்கிலீஷ் எழுத்தில் வருகிறது. இந்த போனுக்குத் தமிழ் எழுத்து தெரியாதாம். எனக்கு அந்த எழுத்து தெரியாது. நடுவில் என் பேத்தி.

9.2.2008, சனி

சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் கோள் எது? வெள்ளி என்றேன். சரி.

ஒன்று கவனித்தேன். நான் வாய் திறக்கும் முன்பே இரண்டாவது டிங் வந்துவிட்டது. என்னடி என்றேன். "போன் கம்பெனி விளம்பரம் ஆயா" என்றாள். விளம்பரக்காரனுக்கு ஏழு மணிக்கே விடிந்துவிடுகிறது போல.

10.2.2008, ஞாயிறு

வகுப்பு. எதற்கு இந்த வயதில் படிக்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள் டீச்சர். முருகையன் வாட்ச்மேன் வேலையில் மேலே போக வேண்டுமாம். நான், பொழுது போகவில்லை என்றேன். பொய்.

இங்கே எழுதிவைக்கிறேன். 1959. நாலாம் வகுப்பு. கணக்குப் பரீட்சையில் எனக்கும் பக்கத்தில் இருந்த அஞ்சலாட்சிக்கும் பத்துக்குப் பத்து. அவள் என் பலகையைப் பார்த்துப் போட்டாள். எனக்குப் பலகையைக் கையால் மூடிக்கொள்ளத் தெரியவில்லை. ஜானகிராமன் வாத்தியார் இரண்டு பலகையையும் பார்த்தார். அஞ்சலாட்சியின் அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. என் அப்பா மூட்டை தூக்குகிறவர். "திருட்டு மார்க் வாங்க வந்துட்டியா?" என்று என்னை முட்டி போடவைத்தார். அன்று மாலை அப்பாவிடம் இனிமேல் போகமாட்டேன் என்றேன். அவருக்கும் வசதியாகப் போயிற்று.

வாத்தியார் செத்து இருபது வருஷம். நான் சாவுக்குப் போகவில்லை.

22.2.2008, வெள்ளி

நாற்பதாவதும் சரி. நிர்மலா கேசரி கிண்டினாள். ராஜவேல் ஆபீசிலிருந்து வந்ததும், "எம்மா, இனிமே உன்னை டீச்சர்னு கூப்பிடணுமா?" என்று சிரித்தான். மருமகளும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெருமை என்று நினைத்தேன்.

24.2.2008, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

சுவரில் தாள் ஒட்டியிருந்தது. தனக்கொடி, நாற்பதுக்கு நாற்பது. அடுத்தது முருகையன், முப்பத்தொன்று. டீச்சர் என்னை எழுப்பி நிற்கவைத்து எல்லோரையும் கைதட்டச் சொன்னாள். முருகையன் விசில் அடித்தான். "ஆயம்மா, மூளையைக் கொஞ்சம் கடன் குடுங்க!"

எல்லோரும் டீ குடிக்கப் போனதும் தாள் பக்கத்தில் போய் நின்றேன். கீழே சரியான விடைகளைத் தமிழில் எழுதியிருந்தாள். இருபத்திரண்டு: வைட்டமின் சி. நான் ஏ என்றல்லவா சொன்னேன்? இருபத்தேழு: புதன். நான் வெள்ளி என்றேன். டீச்சர் தப்பாக எழுதிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முப்பத்துமூன்று. முப்பத்தாறு. நான் ஒன்று சொல்ல, அங்கே வேறொன்று. என் பேருக்கு நேரே எல்லாவற்றிலும் டிக்.

கைதட்டு வாங்கிய இடத்திலேயே நின்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியைப் புரட்டினேன். தினம் எழுதிவைத்திருக்கிறேனே. நாற்பதில் பதினொன்று தப்பு.

25.2.2008, திங்கள்

கேட்டேன். அழுதாள்.

"நீ ஃபர்ஸ்ட் டே ஏதோ தப்பா சொன்ன ஆயா. உன் மூஞ்சி வாடிப்போயிடுமேன்னு மாத்தி அனுப்பிட்டேன். அப்பறம் நிறுத்த முடியல."

அந்த இரண்டாவது டிங் என்ன என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு மூன்று வாரமாகக் காலேஜ் பஸ் கால் மணி நேரம் முன்னால் வருகிறதாம். "நீ யோசிச்சு யோசிச்சு சொல்லுவ. எனக்கு பஸ் போயிடும். அதான் முன்னாடியே அனுப்பிட்டு உன்கிட்ட படிச்சேன்."

அப்படியானால் நான் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்? சுவருக்கா? காலையில் குளித்து, திருநீறு பூசி, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேனே, யாருக்கு?

நிர்மலா அடுப்படியிலிருந்து வந்தாள். "நாலு பேரு முன்னாடி நீங்க தலை குனியக் கூடாதுன்னுதான் அத்தை." அப்போ உனக்கும் தெரியும். ராஜவேலுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேசரி கிண்டினீர்கள். நானும் தின்றேன், முந்திரியைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றேன்.

ஏண்டி பூர்ணிமா, உன்கிட்ட நான் கேட்டேனா? மார்க் வாங்கிக் குடுன்னு கேட்டேனா? அந்த வாத்தியார் என்னைத் திருடின்னு சொன்னப்போ நான் திருடல. நாப்பத்தொம்பது வருஷம் அந்த ஒண்ணை வெச்சுக்கிட்டுத்தான் நிமிந்து நடந்தேன். இப்ப அவர் சொன்னதை நீ நெஜமாக்கிட்டியே. பாக்காத பலகையைப் பாத்தேன்னு அவர் சொன்னார். நீ பாக்கவெச்சுட்ட.

26.2.2008

யாரோடும் பேசவில்லை. என் தட்டில் நானே போட்டுக்கொண்டேன்.

28.2.2008

போனைப் பூர்ணிமாவிடமிருந்து வாங்கிச் சுருக்குப்பையில் வைத்துவிட்டேன்.

2.3.2008, ஞாயிறு

டீச்சரிடம் சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக, "இங்க முக்காவாசி பேருக்கு வீட்டுப் புள்ளைங்கதாம்மா அனுப்புது. எனக்குத் தெரியாதா? விட்டுடுங்க. மே மாசம் பாஸ் பண்ணிட்டுப் போய்ட்டே இருங்க" என்றாள்.

"நீங்களும் தெரிஞ்சுதான் கைதட்டச் சொன்னீங்களா?"

தலையைத் திருப்பிச் சாக்பீசை டப்பாவில் போட்டாள். வீட்டில் நடந்ததுதான் இங்கேயும்.

"என் மார்க் மேல கோடு போடுங்க" என்றேன். போட்டால் இருபது மார்க்கும் போகும், அடுத்த கும்பலோடு சேர வேண்டும், கேள்வி ஏப்ரல் ஏழாம் தேதி தொடங்கும், பரீட்சை டிசம்பருக்குப் போய்விடும் என்றாள். என்னிடம் சிவப்புப் பேனாவைக் கொடுத்தாள். நானே போட்டேன். அப்படியொரு நேர்க்கோடு இதுவரை போட்டதில்லை.

வெளியே முருகையன். "என்ன ஆயம்மா, முப்பத்தொண்ணு வாங்கின நானு ஃபர்ஸ்ட் ஆயிட்டனே!" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் என் பொண்ணுதான் அனுப்புச்சு. அதுக்கே முப்பத்தொண்ணுதான் வந்துச்சு" என்றான். அன்று முதல்முறையாகச் சிரித்தேன். போனில் இரண்டாம் நம்பரை ஒரு தட்டு தட்டினால் ஏ, இரண்டு தட்டினால் பி, மூன்று தட்டினால் சி என்று அவன்தான் காட்டிக்கொடுத்தான்.

11.3.2008

எழுத்து கற்றுக்கொள்ளப் பேத்தியிடம் போவேனா? தெருப்பலகை இருக்கிறது. நீலத் தகட்டில் மேலே தமிழ், கீழே அதே பேர் அந்த எழுத்தில். துய்மா வீதியில் ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு வீட்டுக் காவல்காரர், "யாரைத் தேடறீங்கம்மா?" என்றார். "மா-வை" என்றேன்.

அந்தப் பேரின் கடைசியில் ஒரு எழுத்து வாயே திறக்காமல் நிற்கிறது. பிரெஞ்சுக்காரன் வைத்துவிட்டுப் போனது. இனிமேல் பஸ் பலகைதான்.

23.3.2008, ஞாயிறு

கதிர்காமம். முதல் முறை ஒரு முழுப் பேரைப் பஸ் நெற்றியில் படித்தேன். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

30.3.2008

பூர்ணிமா இன்று என் பக்கத்தில் வந்து படுத்தாள். "ஆயா, ஒரு மாசம் ஆச்சு." எனக்கும் நாள் கணக்கு தெரியும். முப்பத்தைந்து. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

7.4.2008, திங்கள்

ஏழு மணிக்கு டிங். வாசல்படியில் உட்கார்ந்து சுருக்குப்பையைத் திறந்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, விட்டதை மறுபடி பிடித்து, கேள்வியைப் படித்து முடிக்கும்போது வெயில் முழங்காலுக்கு வந்துவிட்டது.

பருத்தி எந்த மண்ணில் நன்றாக விளையும்?

இதுவா கேள்வி! முப்பது வருஷம் மில்லில் பஞ்சுக்குள்ளேயே கிடந்தவள். மூக்கில் பஞ்சு, சோற்றில் பஞ்சு. ஆனால் செடியை ஒருநாளும் பார்த்ததில்லை. யோசித்தேன். செம்மண், அது பி. இரண்டாம் நம்பரை இரண்டு தட்டு தட்டினேன். அனுப்பினேன்.

டிங்.

ஒரே ஒரு வார்த்தை முன்னால் நின்றது. மெதுவாகக் கூட்டினேன். த. வ. று.

தவறு.

இன்னொரு முறை படித்தேன். அதேதான். சரியான விடை கரிசல் என்று அடுத்த வரியில் இருந்தது. அதையும் நான்தான் படித்தேன்.

பூர்ணிமா பையை மாட்டிக்கொண்டு வந்தவள் நின்றாள். பஸ் ஹாரன் அடித்தது, அவள் போகவில்லை. "என்ன ஆயா வந்திருக்கு?" என்று குனிந்தாள்.

இடது கையால் போனை மூடிக்கொண்டேன்.