பன்னிரண்டு காம்பரா, நாலு கால்

நவம்பர் 5, செவ்வாய்

மதியம் முழுக்க மழை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் விழுந்த வெடிப்புக்குள் இன்று என் கை மணிக்கட்டு வரை போகிறது. போன வருஷம் மழைக்குக் கோயிலடிக்கு ஓடினோம். "எல்லாரும் வந்தாச்சு" என்று யாரோ கத்த, நம்பினோம். காது கேட்காத வேலாயி அம்மா தன் ஒற்றை அறை வீட்டில், காம்பராவில், தூங்கிக்கொண்டிருந்தார். நல்லவேளை, மண் இறங்கவில்லை.

"நீ பாப்பாவைத் தூக்கிட்டு ஓடு, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார் என் வீட்டுக்காரர் நிமலன், கொழும்பிலிருந்து போனில். மற்றதை யார் பார்ப்பது?

கோயில் சுவரில் ஒரு பலகை வைக்கப்போகிறேன். லயத்தின் படம், காம்பராவுக்கு ஒரு விளக்கு, ஒரு பொத்தான். வந்து சேர்ந்த குடும்பம் அழுத்தினால் விளக்கு அணையும். எரிந்தால் — இன்னும் வராத வீடு. படித்த எலக்ட்ரோனிக்ஸ் இதற்காவது உதவட்டும்.

நவம்பர் 7, வியாழன்

பதுளைக்குப் போனேன். பொத்தான்களுக்கும் சைரனுக்கும் போக, சர்க்யூட் போர்டில் கம்பி செருகும் கால்களில் நாலே நாலுதான் மிச்சம். விளக்கோ பன்னிரண்டு. கொஞ்சக் காலில் நிறைய விளக்கை எரிக்கவென்று உள்ள சிப் ஸஹாப்தீன் நானா கடையில் இல்லை. "கொழும்புல இருந்து வரோணும் மகள், பத்து நாளாகும்." மழை பொறுக்குமா?

நவம்பர் 8

வழி இருக்கிறது! எந்த இரண்டு காலை எடுத்தாலும் நடுவில் இரண்டு எல்.ஈ.டி., எதிரெதிர்த் திசையில். நாலு காலில் ஆறு சோடி — பன்னிரண்டு விளக்கு. ஒரு கால் மின்சாரம் தர, ஒன்று வாங்க, மற்ற இரண்டும் விலகி நிற்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரியும். வேகமாகச் சுற்றினால் கண்ணுக்கு எல்லாம் எரிகிற மாதிரி. அடுப்பு, பாப்பா, வெடிப்பு, மறுபடி அடுப்பு — நானும் அப்படித்தான் சுற்றுகிறேன்.

முதலில் மற்ற இரண்டு கால்களையும் பூச்சியத்தில் விட்டேன். எரியக்கூடாதவை மங்கலாக எரிந்தன. மங்கல் என்றால் ஆள் இருக்கா, இல்லையா? மின்சாரம் தராமலும் வாங்காமலும் விலகி நிற்கும்படி அவற்றை இன்புட்டாக மாற்றியதும் சரியாயிற்று.

நவம்பர் 10, ஞாயிறு

ஒத்திகை. வேலாயி அம்மாவை வேண்டுமென்றே உள்ளே இருக்கச் சொன்னோம். பின்வரிசை ஓரத்தில் ஒரு விளக்கு எரிந்தது. யார் உள்ளே என்று தெரியாத பக்கத்து வீட்டு அஜந்தன் பலகையைப் பார்த்து ஓடினான் — லயத்தின் மறுகோடிக்கு.

"நா இங்கன செத்துக் கெடக்கேன், அவன் அங்கிட்டுப் போயி ஒங்க வீட்டுக் கதவத் தட்டுறான்!" வேலாயி அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

தப்பு என்னுடையதுதான். முன்பக்கம் ஒன்று முதல் ஆறு. மூலை திரும்பினால் ஏழாம் காம்பரா, ஆறாவதோடு முதுகு ஒட்டி. நானோ ஏழாம் விளக்கை ஒன்றாம் விளக்குக்குக் கீழே வைத்திருக்கிறேன். அந்த ஏழில் குடியிருந்துகொண்டே! அதனால் வேலாயி அம்மாவின் பன்னிரண்டு, என் ஏழு இருக்கவேண்டிய இடத்தில் எரிந்திருக்கிறது.

நவம்பர் 11

பின்வரிசை விளக்குகளின் வரிசையைப் போர்டின் புரோகிராமில் திருப்பிவிட்டேன். மழை விடவில்லை.

நவம்பர் 23, சனி

பாடசாலை மண்டபத்தில் எழுதுகிறேன்.

நேற்றுப் பின்னேரம் சைரன். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வேலாயி அம்மா தானே அழுத்தினார். ஒன்று மட்டும் எரிந்தது. யாரு? யாரு இன்னும் வரல? நான் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதற்குள் அஜந்தன் மழைக்குள் ஓடிவிட்டான்.

சேறும் சகதியுமாகத் திரும்பினான். "நேரா அந்தக் கதவுக்குத்தான் போனேன். யாருமில்ல." பிறகு என்னையும் இடுப்பிலிருந்த பாப்பாவையும் பார்த்தான். "அக்கா... அது ஒங்க வீடுல்ல?"

எல்லோரையும் பார்த்துக்கொண்டே நின்றவள் என் பொத்தானை மறந்திருக்கிறேன். பாப்பாவின் விரலைப் பிடித்து அழுத்தினேன்.

விடியும்முன் மண் இறங்கியது. பின்வரிசையில் ஒரு கதவும் தெரியவில்லை. கோயிலடிக்குப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை.