மறுகண் ஆணைக்கு மறுமொழி

உப்பு விளையும் நாளறிந்து மழை விலகி நிற்க. வெண்கழிநாட்டுப் பாத்திகள் நிறைய. திரைவென்ற மாறவேளின் கொற்றம் நிலைக்க. அக்கொற்றத்தின் வலக்கையாய் ஆழிக்கோட்டையில் வீற்றிருக்கும் பேரமைச்சர் விழுப்பரையர் திருமுன்னர்க்கு, உப்பூர் ஆதுலர்சாலையின் தலைமை மருத்துவச்சி கூத்தநங்கை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் முழங்கால் நோவு தணிந்ததா என அறிய அவாவுகிறாள்.

தங்கள் ஆணை வந்து சேர்ந்தது. படைவீடுகளை மழைதோறும் வாட்டும் குளிர்காய்ச்சலைத் தடுக்கும் கசாயத்தை உப்பளத்தாரிடம் மூன்று மழைக்காலம் ஆய்ந்து பார்க்கும் முயற்சியில், இடையில் விலகுவோர்க்குப் புரை படர்ந்த மறுகண்ணைத் திறக்கலாகாது என்றும், விலகிய சேந்தி என்பவளைப் பிறர் அஞ்சும்படி ஒற்றைக்கண்ணளாகவே விடுக என்றும் அதில் கண்டிருந்தது. கூத்தநங்கை அதை இருமுறை படித்தாள். அவ்வாணைக்கு அவள் பணியவில்லை, பணியப் போவதுமில்லை. கீழே சொல்லப்படுவது காரணம் மட்டுமே, மன்னிப்பு வேண்டுதல் அன்று.

இவ்வாய்வை முன்பொருமுறை தொடங்கியபோது முதல் மழை ஓய்வதற்குள் பாதிப்பேர் வராமல் போனது தங்களுக்கு நினைவிருக்கும். கசப்பைக் குடித்துவிட்டு அமாவாசைதோறும் நாடி காட்ட வர உழைப்பவர்க்குப் பொழுதேது? உப்பு வெளிச்சத்தின் கூச்சத்தில் அவர்களுள் பலர்க்கு இரு கண்ணிலும் புரை படர்ந்திருந்தது. தாங்கள் அதைக் கண்டு ஒரு வழி வகுத்தீர்கள்: சேரும் நாளில் ஊசியால் ஒரு கண்ணின் புரை நீக்குவது, மறுகண்ணை மூன்றாம் மழை முடிந்தபின் திறப்பது. அரசனின் கொடை என்று முரசறைந்தார்கள். கூத்தநங்கை உடன்பட்டாள். உடன்பட்டது மட்டுமன்று, மகிழ்ந்தாள். நூற்றெண்பதின்மர் சேர்ந்தனர், ஒருவரும் விலகவில்லை. வரிசை வாசலைத் தாண்டி நீண்டதைக் கண்டபோது தன் கைராசியை நாடி வருகிறார்கள் என்றே எண்ணினாள். புகழுக்கு ஏங்கும் நெஞ்சுக்கு எதையும் அன்பென்று படித்துக்கொள்ளத் தெரியும்.

சென்ற ஆவணி அமாவாசையில், கசாயத்தால் தீங்குண்டோ என எழுத்தர் வழக்கம்போல் கேட்க, குறை ஒன்றுமில்லை என்றாள் சேந்தி. பின்னால் நின்ற அவள் நாத்தி வேம்பி, காலையில் வரப்போரம் இவள் கக்கியதைக் கொத்திய காக்கை இன்னும் எழுந்து பறக்கவில்லை என்றும், அதையாவது கூட்டி வந்து சாட்சி சொல்லச் சொல்லலாம் என்றும் கேலி செய்தாள். வரிசை முழுதும் சிரித்தது. பின் ஒரே கணத்தில் சிரிப்பு நின்றது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

கூத்தநங்கை சேந்தியை உள்ளே அழைத்து வினவினாள். ஏழு மாதமாக நாக்கு வெந்தும் சிறுநீர் கறுத்தும் போவதாகவும், சொன்னால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள், நீக்கினால் மறுகண் போய்விடும் என்று வாய் மூடிக்கிடந்ததாகவும் அவள் சொன்னாள். ஒற்றைக் கண்ணுக்கு வரப்பின் ஆழம் தெரியாமல் பாத்திக்குள் விழுந்து எழுவதை உப்பளமே அறியும் என்றும், மருத்துவச்சி ஆத்தாள் ஒருத்தி மட்டும் அறியாததுதான் வியப்பு என்றும் சொன்னாள். அன்றே அவளுக்குக் கசாயத்தை நிறுத்தியவள் கூத்தநங்கை. அதைத்தான் தங்கள் ஒற்றர் விலகல் என்று எழுதினர்.

ஆக, இரண்டாண்டு ஓலைகளில் வரிக்கு வரி நிற்கும் 'குறை ஒன்றுமில்லை' என்பது உப்பளத்தாரின் சொல் அன்று. மறுகண்ணின் அச்சம் சொன்ன சொல். அதை நம்பி இக்கசாயத்தைப் படை முழுதுக்கும் ஊற்ற இருந்தோம். ஆய்வுக்கு வருவோர்க்கு மருத்துவம் அளிப்பதில் பிழையில்லை. பாதியைக் கொடுத்து மீதியைக் கைக்குள் வைத்திருப்பது கொடையாகாது, அது கயிறு. அக்கயிற்றைத் திரித்த கைகளில் ஒன்று தன்னுடையது என்பதைக் கூத்தநங்கை தங்களுக்கு எழுதுமுன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்ல எளிதாக இல்லை.

கசாயத்தை எல்லார்க்கும் நிறுத்தினாள். சேந்தியில் தொடங்கி, மறுகண்களைத் திறக்கலானாள். கண்ணும் புண்ணும் பேறும் இனி வந்தவர்க்கும் வராதவர்க்கும் ஒன்றுபோலவே பார்க்கப்படும் என்றும், கசாயம் உடலில் செய்ததை அறிய விரும்பி வருவோர் வரலாம் என்றும் முரசறையச் செய்தாள். தாங்கள் எச்சரித்தபடியே பலர் வரவில்லை. எழுபத்தொருவரே வந்தனர். அதை மறைக்க அவளுக்கு விருப்பமில்லை. அவர்களுள் நாற்பத்தறுவர் நாக்கு வெந்ததைத் தாமே சொன்னார்கள். ஒருவன், தன் பங்கை முருங்கைக்கு ஊற்றி வந்ததையும் முருங்கை பட்டுப்போனதையும் சேர்த்துச் சொன்னான். எழுபத்தொரு மெய்யோலைகளும் பழைய பொய்யோலைகளும் தனித்தனிக் கட்டாக இத்துடன் வருகின்றன. மன்னர் இரண்டையும் காண்க.

இக்கசாயம் எப்படைவீட்டிலும் அடுப்பேறலாகாது. மருந்தின்மேல் தலைமை மருத்துவர்க்கு மன்னர் அளித்த உரிமைகொண்டு இது ஆணை. அரசாணை மீறிய மருத்துவர்க்கு வலக்கை விரல் களைவது வழக்கமென்பதைக் கூத்தநங்கை அறிவாள். அறிந்தே முத்திரை பொறித்தாள்.

முத்திரையின்கீழ், அவளைப் பிடிக்க வரும் காவலர்க்கு: இன்னும் இருபத்திருவர்க்கு மறுகண் மீதமுள்ளது. அதற்குமுன் வருவீராயின் தடுப்பாரில்லை; ஆயினும் ஊசி ஒருவர் கண்ணுக்குள் இருக்கையில் அவள் கையைத் தொடலாகாது. வாசலில் காத்திருக்க. காத்திருப்போருள் புரை படர்ந்தவர் இருப்பின் வரிசையில் அமர்க. ஒரு கண் ஆறியதும் மறுகண்ணும் திறக்கப்படும், எதுவும் கேட்கப்படாது.