வெற்றிலை போட்டதும் விட்டுப்போன தாடை வலி

என் ஆசை ராஜியக்கா,

நீ போய் நாலு வருஷமாகிறது. இப்போது உன் தாடை வலி எனக்கு வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது அக்கா.

பரமத்தி வேலூர் வெற்றிலைத் தோட்டத்துக்கு நாம் கூலிக்குப் போவோமே, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறும்போது நீ பாதியில் நின்றுவிடுவாய். "ஏண்டி கண்ணு, நெஞ்சுல இருந்து தாடை வரைக்கும் இறுக்கிப் புடிக்குது. ரெண்டு வெத்தலை குடு" என்பாய். உட்கார்ந்து மெல்லுவாய், கொஞ்ச நேரத்தில் வலி விட்டுவிடும். இந்த வைத்தியத்தை ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னவள் நான்தான்.

கடைசி நாளில் உட்கார்ந்தும் வலி விடவில்லை. உனக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போதும் ஆட்டோவைக் கூப்பிடாமல், மூன்றாவது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். என்ன மடத்தனம்!

போன வாரம் பஸ்ஸுக்கு ஓடும்போது எனக்கும் அதே பிடிப்பு. நானும் வெற்றிலையைத்தான் தேடினேன், பார்த்துக்கொள். உன் மகள் சுதாதான் நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"வேகமா நடந்தா வருது, உக்காந்தா போயிருதுங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஆமாங்க. வெத்தலை போட்டா போயிருதுங்க."

"வெத்தலையால இல்லீங்கம்மா, நீங்க உக்காந்ததாலதான் போகுது. இருதயத்துக்கு ரத்தம் பத்தலைங்க."

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. உனக்கும் அதுதானே இருந்திருக்கும்?

ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்று எழுந்தேன். அவர் விடவில்லை, ஓடுகிற பெல்ட்டில் ஏற்றி நடக்கவிட்டார். மூன்றே நிமிடத்தில் தாடை பிடித்தது, நிறுத்திவிட்டார்கள். தினமும் போட மாத்திரை தந்திருக்கிறார்கள். வலி வந்தால் உட்கார்ந்து நாக்குக்கு அடியில் வைக்க ஒன்று தனியாக. ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டுமாம். நாளைக்கு மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு அடைப்பு எங்கே என்று பார்க்கிறார்கள்.

"ஒண்ணும் ஆவாதுங்க சின்னம்மா" என்கிறாள் சுதா. சொல்லிவிட்டு மாத்திரைகளை மூன்றாவது தடவையாக எண்ணுகிறாள்.

நேற்றுக் கனவில் வாசலில் நின்று, "வாடி கண்ணு, போலாம்" என்று கூப்பிட்டாய். செத்தவர்கள் கூப்பிட்டால் போகக்கூடாது என்பார்கள். உன் சொல்லை என்றைக்காவது தட்டியிருக்கிறேனா?

இந்த ஒரு தடவை தட்டுவேன். நாளைக்கு எங்கே வலித்தாலும் மறைக்காமல் கத்தியாவது சொல்லிவிடுவேன். நீ எத்தனை தடவை கூப்பிட்டாலும் வர மாட்டேன் அக்கா. சத்தியம்.

எங்கே போனாலும் உன் பின்னாலேயே வந்த தங்கச்சி,
செல்வி