விருந்துக்கு வந்த மண்

மேல் குஸைம்,
ஜமாதுல் ஆகிர் 5

என் பழைய எதிரியும் அதைவிடப் பழைய சிநேகிதனுமான கராமாவுக்கு, பகீத் சலாம் கூறி எழுதச் சொல்வது. எனக்கு எழுத்து தெரியாததால் கடைக்கார பாரக் எழுதுகிறான். பிழை இருந்தால் அவனைத் திட்டு.

மலையில் எங்கோ பெய்த மழைக்கு, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நம் வறண்ட ஆறு ஆளுயரத்துக்கு எழுந்து வந்ததே, அது என் கரையை உடைத்து வயலையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. வாப்பா காலத்திலிருந்து வெள்ளத்துக்கு வெள்ளம் தேக்கித் தேக்கிச் சேர்த்த வண்டல்! இப்போது கூழாங்கல்தான் மிச்சம்.

அது போன இடம் தெரிந்துவிட்டது. ஒட்டகக்காரன் சொன்னான்: "கராமா வயல்ல முழங்காலளவு புது மண்ணு. அதுல நடந்து நடந்து சிரிக்கிறாரு மனுசன்."

சிரித்தது போதும். என் மண்ணைத் திருப்பி அனுப்பு. முகல்லா நகரத்திலிருந்து மகன் யுஸ்லிம் வந்து நிற்கிறான். "நெலந்தான் போச்சே வாப்பா, எங்கூட வந்து மின்விசிறிக்கு அடியில நிம்மதியா உக்காருங்க" என்கிறான். ரஜப் மாதம் முடிவதற்குள் கூட்டிப்போவானாம். தலைக்கு மேல் அந்தப் பிசாசு சுற்றினால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

மண்ணிழந்த பகீத்

*

கீழ் குஸைம்,
ஜமாதுல் ஆகிர் 13

வாயாடி பகீத்துக்கு, கராமாவின் சலாம். மருமகள் எழுதுகிறாள்.

உன் மண்ணை நான் கூப்பிடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அதுவாக வந்து படுத்துக்கொண்டது. வந்த விருந்தாளியிடம் "எப்பப் போறே?" என்று கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. உங்கள் வீட்டில் உண்டோ என்னவோ!

அது உன் மண் என்பதற்குத்தான் என்ன சாட்சி? ஆற்றின் மேல்பக்கம் உன் வயல் ஒன்றுதானா? போன வருஷம் என் மண் மணற்காட்டுக்குப் போனது. நான் மணற்காட்டுக்குக் கடிதமா போட்டேன்?

"மாமா, அவரு மனசு நோவும்" என்கிறாள் மருமகள். நோகட்டும், நொந்தால்தான் பதில் போடுவான் என்றேன்.

நீ மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பதை நினைத்து நன்றாகச் சிரித்தேன். அப்புறம் ஏனோ சிரிப்பு வரவில்லை.

கராமா

*

மேல் குஸைம்,
ஜமாதுல் ஆகிர் 20

கராமாவுக்கு,

சாட்சி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. போன அறுவடையில் உதிர்ந்த என் செஞ்சோளம்! "கழுதைத் தீனி" என்று நீ கேலி செய்வாயே, அதேதான். நீ வெள்ளைச் சோளம் தவிர வேறெதையும் விதைத்தவன் இல்லை. முளைப்பதைப் பிடுங்கிப் பார். அடித்தண்டு சிவந்திருந்தால் மண் என்னுடையது.

யுஸ்லிம் என் மண்வெட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் ஒளித்திருக்கிறேன். "இதையும் எழுதணுமா?" என்கிறான் பாரக். எழுதுடா என்றேன்.

பகீத்

*

கீழ் குஸைம்,
ரஜப் 4

பகீத்துக்கு,

சிவப்புதான். வயல் முழுக்க உன் கழுதைத் தீனி. பிடுங்க மனம் வரவில்லை.

விருந்தாளியைப் போகச் சொல்லக் கூடாது. ஆனால் விருந்தாளியின் சொந்தக்காரர் தேடி வந்தால் உள்ளே அழைக்க வேண்டும் அல்லவா? மேலே படுத்திருப்பது உன் மண், அடியில் இருப்பது என்னுடையது. வேர் இரண்டிலும்தான் இறங்கும். கதிரைப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம்.

சீக்கிரம் வா. கரையை உயர்த்த ஆள் வேண்டும். அடுத்த வெள்ளத்தில் இதுவும் போனால், நாம் இருவரும் சேர்ந்து மணற்காட்டுக்குக் கடிதம் போட வேண்டியதுதான். இங்கே மின்விசிறி இல்லை, இலந்தை மரம் இருக்கிறது.

கராமா

*

மேல் குஸைம்,
ரஜப் 9

கராமாவுக்கு,

யுஸ்லிமிடம் சொல்லிவிட்டேன்: "நெலம் போகலடா, கீழ வீடு மாறியிருக்கு. நானும் அது பின்னாடியே போறேன்." சிரித்துவிட்டு, தனியாகவே பஸ் ஏறினான்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் ஒட்டகக்காரனுக்குப் பின்னால் பார். மண்வெட்டியோடு நிற்பது நான்தான். காபியில் இஞ்சி கூடுதலாகப் போடச் சொல். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

எப்போது போவாய் என்று மட்டும் கேட்காதே.

உன் விருந்தாளி,
பகீத்