உள்பக்கத்தைத் தொடாதே என்றாய்

போன சனிக்கிழமை தேக்கா உணவு நிலையத்தில் ஒரு பெண், செய்தித்தாளில் சுற்றிய வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றை என் முன்னால் வைத்தாள். பழைய சட்டி சேகரிப்பவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்டறிந்து வந்தவள். எந்த நாட்டுச் சட்டி என்று தெரிய வேண்டுமாம். தாளைப் பிரித்ததும் பழைய எண்ணெயும் மீனும் கலந்த வாசம் எழுந்தது. அடியில் கரி தடிமனாகக் கட்டியிருந்தது. யார் சமைத்தது என்று கேட்டேன். மாமியார், இப்போது இல்லை என்றாள். எனக்குத் தெரியவில்லையம்மா என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். டீயைக்கூட முடிக்காமல் எழுந்து வந்தேன். உன் ஞாபகம் வந்துவிட்டது.

நம் இருவருக்கும் இந்தச் சட்டிப் பைத்தியம் பிடித்தது நாற்பதைத் தாண்டிய பிறகு. வாரம் முழுக்க ஜூரோங்கில் ஒரே அலுவலகம், ஞாயிறானால் பழைய சாமான் சந்தை. பிடியின் வளைவைப் பார்த்தே எந்த ஊர் வார்ப்பு என்று சொல்லிவிடுவாய். எனக்கோ அடியில் எண்ணோ எழுத்தோ தெரிந்தால்தான் மனசு ஒப்பும். "உனக்குச் சட்டிகூட ஐசி காட்டணும் லா" என்று அடையாள அட்டையை நீட்டுவதுபோல் கையை நீட்டிச் சிரிப்பாய்.

உன் அம்மா இறந்த மூன்றாம் மாதம் அவர் சட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். இளவயதில் அவர் சமையல் வேலை பார்த்த வெள்ளைக்காரக் குடும்பம், ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. அதன்பிறகு குவீன்ஸ்டவுன் வீட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் அதில்தான் மீன் பொரித்தார். அது எங்கே பிறந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அடியை மட்டும் சுரண்டிப் பார், உள்பக்கத்தைத் தொடாதே என்றாய். வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னொரு முறையும் சொன்னாய்.

நான் கேட்கவில்லை. அடி பளிச்சென்றும் உள்ளே கருப்பாகவும் ஒரு சட்டி இருப்பதை என் கண் பொறுக்காது. உள்ளே இருப்பது எரிந்த எண்ணெய்தானே, இதைவிட நன்றாக நானே எண்ணெய் பூசிப் பழக்கித் தந்துவிடுவேன் என்ற திமிர் வேறு. காஸ்டிக் சோடா கரைத்த வாளியில் முழுச் சட்டியையும் நான்கு நாள் ஊறப் போட்டேன். உன் அம்மாவின் அத்தனை வருஷமும் பழுப்புத் தண்ணீராகி என் வீட்டுக் குளியலறையில் வழிந்து போனது.

நீ வந்தபோது சட்டி சாம்பல் நிறத்தில் மேசை மேல் இருந்தது. நான் மூச்சுவிடாமல் பேசினேன். எழுத்து எதுவும் இல்லை, ஆனால் அடியில் தழும்பு போல ஒரு கோடு ஓடுகிறது பார், உருக்கிய இரும்பை ஊற்றிய இடம், நூறு வருஷத்துக்கு முந்தியது என்றேன். நீ உள்பக்கத்தை விரலால் தடவினாய். பிறகு முகர்ந்து பார்த்தாய்.

"இதுல அம்மா ஒரு நாளும் சமைக்காத மாதிரி இருக்கு" என்றாய்.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூன்று தடவை எண்ணெய் பூசிச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்றேன்.

நீ சண்டை போடவில்லை; சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாய். அடுத்த ஞாயிறும் சந்தைக்கு வந்தாய். அந்தச் சட்டியைப் பற்றி மட்டும் பிறகு பேசவே இல்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எத்தனை மாலை உன் அருகில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் ஊர்க்கதைதான் பேசினேன்.

உன் காரியம் முடிந்த மறுவாரம் உட்லண்ட்ஸில் உன் மகள் வீட்டுக்குப் போனேன். அடுப்பு மேல் அந்தச் சட்டி இருந்தது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"கடைசி வரைக்கும் அம்மா இதுலதான் மீன் பொரிச்சாங்க, ஆண்ட்டி. ஒவ்வொரு தடவையும் ஒட்டிக்கும், தோலெல்லாம் பிஞ்சுரும். பழகிரும் பழகிரும்னு மறுபடியும் அதையேதான் எடுப்பாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னாங்க, நீங்க வருத்தப்படுவீங்களாம்."

எனக்கு வேண்டாம், நீயே வைத்துச் சமை, ஒட்டினாலும் விடாதே என்று அவளிடம் சொன்னேன். அவளிடம் அவ்வளவாவது சொல்ல முடிந்தது. உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். நீ சட்டியை முகர்ந்துகொண்டு நின்ற அந்த நேரத்தில், நான் அதன் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.