முதலில் பிரேக்

இன்று காலை தருவைகுளம் போய்த் திரும்பியதிலிருந்து கார் ஷெட்டில் பிரேக் சூடேறிய வாடை போகவில்லை. அந்த வாடையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் உங்களிடம் பேசத் தோன்றியது.

அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நீங்கள் வாங்கி வந்தபோது மில்லர்புரத்தில் நம் தெருவே வேடிக்கை பார்த்தது. இரண்டே பேர் உட்காரும் காருக்கு இத்தனை ஆசையா என்று முணுமுணுத்த நான், அதன் உறுமலில் மயங்கிப்போனேன். காற்றை இழுக்கும் இன்டேக்கை மாற்றினால் சத்தம் இன்னும் நன்றாயிருக்கும் என்று முதலில் சொன்னதே நான்தான். துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரித்த நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏளா, மொதல்ல வண்டி நிக்கணும். பெறவு குலுங்காம போணும். சத்தமெல்லாம் கடைசி."

திறந்த ஃபில்டர் வைத்தால் எஞ்சின் சூட்டையும் நம்மூர் உப்புக் காற்றையும்தான் இழுக்கும், சத்தம் கூடுமே தவிர வேகம் கூடாது என்றும் விளக்கினீர்கள்.

பிரேக் டிஸ்க், பேட், உப்பிப்போன ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினீர்கள். அந்த வேலை முடிந்த கையோடு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். இடது இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி, நீண்ட கால்களை நீட்டி உட்காருவீர்கள். முன்னால் ஏதாவது வண்டி தெரிந்தாலே உங்கள் கால் தரையை ஓங்கி மிதிக்கும், அங்கே ஒரு பிரேக் இருப்பதுபோல. நான் சிரிப்பேன். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

உங்களை அடக்கம் செய்த மறுநாள் அந்த இருக்கையை முன்னால் தள்ளி வைத்தேன். பின்னால் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. இன்று காலை கிளம்பும்போதும் அது முன்னால்தான் இருந்தது.

நீங்கள் சொன்ன வரிசைப்படி அடுத்து சஸ்பென்ஷனை மாற்றினேன். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் நம் சாலைகளுக்கு வேண்டாம், நல்ல ஷாக் அப்சார்பரும் புது ரப்பர் புஷ்களும் போதும் என்பீர்கள். அதையேதான் செய்தேன். அது எப்படியிருக்கிறது என்று பார்க்கத்தான் இன்று ஓட்டிப்போனேன்.

உப்பளங்களுக்கு நடுவே தூரத்தில் எதுவும் தெரியாத மழை மூட்டம். கார் குலுங்காமல் போன சுகத்தில் என்னை அறியாமல் வேகம் கூடிவிட்டது. திடீரென்று இடது பக்கத் தரையில் தொம்மென்று யாரோ மிதித்த சத்தம். யோசிக்காமல் நானும் பிரேக்கை மிதித்தேன். கார் எந்தப் பக்கமும் இம்மியும் இழுக்காமல் நேராக நின்றது. அதன் பிறகுதான் தெரிந்தது, கைக்கெட்டும் தூரத்தில் விளக்கில்லாமல் பழுதாகி நின்ற உப்பு லாரி.

புதிதாகப் போட்ட ஷாக் அப்சார்பர் ஏதாவது தட்டியிருக்கும் என்று நேரே ஒர்க்‌ஷாப்புக்கு விட்டேன். மெக்கானிக் அடியில் படுத்து ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார். எதுவும் தளர்ந்திருக்கவில்லை. எழுந்து இடது கதவைத் திறந்தவர் சாதாரணமாகக் கேட்டார்.

"கூட யாரு வந்தாவ, அக்கா? நல்ல உயரமோ? சீட்டு கடைசி வரைக்கும் பின்னால கெடக்கே."

பிரேக் பிடித்தால் இருக்கை முன்னால்தான் நகரும். உங்களுக்குத் தெரியாததா?

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை முன்னால் தள்ள இனி எனக்குக் கை வராது. நம் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. நாளை குலசேகரன்பட்டினம் போகிறேன் என்றதும் தானும் வரட்டுமா என்று கேட்டாள்.

"எடமில்லளா" என்றேன்.